இருபத்தொரு குஞ்சங்கள்

தட், தட், தட் என்று வாசல் கதவு அதிர்ந்தது.

தறிக்காரரின் வலது கையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி அப்படியே நிறுத்தினாள். தறிக்காரரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஒன்பது மாதப் பழக்கம் இது. கதவை யார் தட்டினாலும் அவருடைய இடது கை தானாகவே துண்டை இழுத்து வலது கையின் மேல் போட்டுவிடும்.

"யாரு?"

"நான்தான்டி! சீக்கிரம் திற!"

எதிர் வீட்டுக்காரியின் குரல். தெருவில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். காலையில் பல் விளக்கும்போது பேச ஆரம்பித்தால் படுக்கப் போகும்வரை நிலையத்தை மூட மாட்டாள்.

தறிக்காரர் எழுந்து தறி இருந்த உள்ளறைக்குள் போய் மறைந்தார். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் மனைவி தாழ்ப்பாளைத் தொட்டாள்.

"சம்பந்தி வீட்டுக்காரங்க வந்துட்டாங்கடி! புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும். பஸ்ஸை விட்டு இறங்கி டீக்கடையில நிக்கறாங்க."

"இன்னைக்கா? நாளைக்குத்தானே வரதாச் சொல்லியிருந்தாங்க!"

"வானத்தைப் பாரு. நாளைக்கு மழை பிடிச்சுக்கும்னு இன்னைக்கே கிளம்பிட்டாராம் மனுஷன். நல்லவேளை, நான் சர்க்கரை வாங்கப் போயிருந்தேன். உன் வீடு எதுன்னு என்கிட்டதான் கேட்டாரு. பின் தெருவைக் கை காட்டிட்டு ஓடி வந்தேன்."

"ஐயோ, எதுக்கு அக்கா அப்படிச் செஞ்சீங்க?"

"வீடு கிடக்கற கிடப்பைப் பாரு. நீ நிக்கற கோலத்தைப் பாரு. முகம் கழுவப் பத்து நிமிஷமாவது வேணாமா உனக்கு? நல்லா சுத்திட்டு வரட்டும். களைச்சு வந்தா நீ போடற தண்ணி டீகூட அமிர்தமா இருக்கும்." ரேடியோ படியிறங்கினாள். பாதியில் திரும்பினாள். "தெருவுக்குச் சாட்சி ஒருத்தர் வேணுமில்ல? நானே வரேன். தலையை வாரிக்கிட்டு வந்துடறேன்."

கதவைச் சாத்திவிட்டு அவள் அதன் மேலேயே சாய்ந்து நின்றாள்.

"பாப்பா! வந்துட்டாங்களாம். சேலை மாத்திக்கோ. அப்பாவுக்கு முழுக்கைச் சட்டையை எடுத்துக் குடு."

சமையலறையிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். முகத்தில் பயம் பாதி, சிரிப்பு பாதி. "அவரும் வந்திருக்காராம்மா?"

"இல்ல. அப்பா அம்மா மட்டும்தான். போ, நேரமில்ல."

துணி பார்க்க வருகிறார்கள். அந்த நெசவாளர் கூட்டத்தில் கல்யாணத்துக்கு நகை பேசுவதற்கு முன்னால் துணி பேசுவார்கள். பெண் கட்டப்போகும் சேலையை மாப்பிள்ளை தன் கையால் நெய்து அனுப்ப வேண்டும். மாப்பிள்ளை கட்டப்போகும் வேட்டியைப் பெண்ணின் அப்பா தன் கையால் நெய்து கொடுக்க வேண்டும். வேறு எந்தக் கையும் படக் கூடாது. அப்பா உயிரோடு இல்லை என்றால் சித்தப்பா, பெரியப்பா செய்யலாம். ஆள் இருந்தும் கை இல்லை என்றால் அதற்கு வழி கிடையாது. கை விழுந்த வீட்டில் பெண் எடுத்தால் பிறக்கிற பிள்ளைக்கும் கை விழும் என்பது அவர்கள் நம்பிக்கை. இரண்டு துணியையும் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் பார்த்து, இது இன்னார் கைதான் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் நாள் குறிப்பார்கள்.

கையைத் துணியில் எப்படிப் பார்ப்பது என்று வெளியாள் கேட்கலாம். தறியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது கையெழுத்து மாதிரி. ஒருவர் நூலை நெருக்கும் பலகையை இழுத்து அடிக்கும் அடி இன்னொருவருக்கு வராது. ஒருவர் நெய்த துணி தட்டினால் மரம் போல நிற்கும். இன்னொருவருடையது தண்ணீர் போல விழும்.

மாப்பிள்ளை நெய்த சேலை போன மாதமே வந்துவிட்டது. தறிக்காரர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒரு மணி நேரம் பார்த்தார். ஒரு இழை பிசகவில்லை. "இருபத்தாறு வயசுப் பையன் கையில இவ்வளவு பொறுமையா!" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். மகளோ ஒரு நாளைக்கு நாலு தடவை பெட்டியைத் திறந்து அதைத் தொட்டுப் பார்த்தாள். பேசி முடித்த அன்று மாப்பிள்ளை தலையை நிமிர்த்தவே இல்லை. நிலைப்படியில் தடுக்கிக்கொண்டான். டீ டம்ளரைக்கூட அவன் அம்மாதான் எடுத்து விரலில் வைத்தாள். மாப்பிள்ளைக்கு இவ்வளவு வெட்கமா என்று வீடே சிரித்தது. பேசாத பையன் சேலையில் பேசிவிட்டான் என்று மகள் நினைத்துக்கொண்டாள்.

இந்தப் பக்கத்து வேட்டிதான் பொய்.

ஒன்பது மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில், தறிக் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்த தறிக்காரர் ஊடை நூலை ஓட்டுகிற நாடாக் கயிற்றை இழுக்கக் கையைத் தூக்கினார். கை வரவில்லை. வலியில்லை, வீக்கமில்லை. உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்த யாரோ ஒருவருடைய கை மாதிரி மடியில் கிடந்தது. ரொம்ப தூரம் போய்ப் பார்த்த டாக்டர், நரம்பு என்றார், எண்ணெய் தேய்க்கச் சொன்னார், பார்க்கலாம் என்றார். ஒன்பது மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அன்றிலிருந்து தறியில் உட்கார்ந்தது அவள். ஊருக்குத் தெரியாமல். தறி ஓடும்போது தறிக்காரர் வெளியே தலை காட்டக் கூடாது. அவர் வெளியே போனால் தறி ஓடக் கூடாது. ஒரு நாள் மறந்துபோய் அவர் டீக்கடைக்குப் போய்விட்டார். வீட்டில் இவள் நெய்துகொண்டிருந்தாள். "என்னண்ணே, நீங்க இங்க நிக்கறீங்க, உங்க தறி அங்க தானா ஓடுது?" என்று கடைக்காரர் கேட்டார். "பேயைச் சம்பளத்துக்கு வச்சிருக்கேன்" என்று சிரித்துச் சமாளித்துவிட்டு வந்தவர், அதற்குப் பிறகு மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

கல்யாண வேட்டியை நெய்தது பெரும் பாடு. அவளுடைய அடி வேறு, அவருடைய அடி வேறு. அவர் முதலில் ஒன்று பலமாக, அடுத்தது மெல்லத் தொட்டாற்போல அடிப்பார். தறிக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, சத்தத்தைக் காதால் கேட்டே சொல்லிக்கொடுத்தார். "பலம் போதாது... ம்... இப்போ ஜாஸ்தி... இதான். இதை விடாதே." நாற்பது நாள். நாற்பதாவது நாள் துணியைத் தடவிப் பார்த்து, "என் துணியேதான்" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகம் சந்தோஷமாக இல்லை.

அந்த வேட்டி இப்போது நடு அறையில் கொடியில் தொங்கியது. மடித்துத் தட்டில் வைக்கலாம் என்று அவள் எடுத்தாள். ஜன்னல் வெளிச்சம் முனையில் விழுந்தது.

அவள் கை நின்றது.

வேட்டியின் ஒரு முனையில் நெய்யாமல் விட்ட நூலை இருபத்தொரு குஞ்சமாக முறுக்கி முடிச்சுப் போடுவது வழக்கம். நூலைத் தொடையில் வைத்து உள்ளங்கையால் உருட்ட வேண்டும். வலது கைக்காரன் உருட்டினால் முறுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும். இடது கை உருட்டினால் கண்ணாடியில் பார்த்த மாதிரி மறுபக்கம் சாயும்.

அவள் பிறவியிலேயே இடது கைக்காரி. கல்யாணமாகி வந்த புதிதில் இந்தத் தெரு அவளுக்கு வைத்த பெயரே பீச்சாங்கை. நாற்பது நாளும் கயிற்றை வலது கையால் இழுத்து, பலகையை இடது கையால் அடித்து, ஒவ்வொரு இழையிலும் கணவரின் கையைத் தன் கைமேல் போட்டுக்கொண்டு நெய்தாள். நேற்று மத்தியானம் துணி தறியை விட்டு இறங்கியது. அப்பாடா என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். குஞ்சம் முறுக்குவது சின்ன வேலை. யோசிக்காமலே கை செய்கிற வேலை. அவள் யோசிக்கவில்லை. கை செய்துவிட்டது.

இருபத்தொன்றும் தப்பான பக்கம் சாய்ந்திருந்தன.

"என்னங்க..."

தறிக்காரர் வந்தார். குஞ்சத்தைப் பார்த்தார். அவர் உதடு வெளுத்தது.

"எத்தனை நிமிஷம் இருக்கு?"

"அஞ்சோ ஆறோ."

"அவிழ்."

அவள் தரையில் உட்கார்ந்து பல்லால் முடிச்சைக் கவ்வினாள். நூல் கஞ்சியில் விறைத்து முறுக்கோடு இறுகியிருந்தது. முதல் முடிச்சு அவிழவே ஒரு யுகம் ஆயிற்று. அவிழ்ந்ததை வலது தொடையில் வைத்து வலது கையால் உருட்டினாள். பழகாத கை. வழுக்கியது. மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நானும் அவிழ்க்கறேம்மா."

"வேண்டாம். நீ தொடாதே. உன் கை வேற அதுல படக் கூடாது."

அவள் விரல்கள் முடிச்சில் இருந்தன. மனம் தெருக்கோடி வீட்டுக்குப் போய்விட்டது.

நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டில் நடந்தது இது. காசுக்கு வேறு தறியில் நெய்து வாங்கிய வேட்டியைத் தன் கை என்று சொல்லிக் கொடுத்துவிட்டார் அந்த வீட்டுக்காரர். அதற்குப் பொய்க் கை என்று பெயர். பொய்க் கை பிடிபட்டால் யாரும் அடிப்பதில்லை, திட்டுவதில்லை. பாவுக்குக் கை கொடுக்க மாட்டார்கள். அவ்வளவுதான்.

தறியில் ஏற்றுவதற்கு முன்னால் துணியின் நீள நூலான பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, பிரித்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் சுருட்ட வேண்டும். பன்னிரண்டு பேராவது வேண்டும். இன்று உன் வீட்டுப் பாவுக்கு நான், நாளைக்கு என் வீட்டுப் பாவுக்கு நீ. இதற்குக் கூலி கிடையாது. எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் வெளியாளுக்கு இந்த வேலை வராது. கை கொடுக்கவில்லை என்றால் பாவு இல்லை. பாவு இல்லை என்றால் தறி இல்லை.

அன்று காலையில் கோடி வீட்டுக்காரி கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தாள். புருஷன் ஒரு பக்கம் பாவைப் பிடித்திருந்தார். இரண்டு பேர். நாற்பது கதவும் சாத்தியிருந்தன. "யாராவது வாங்களேன்" என்று அவள் சத்தமாகக்கூடக் கூப்பிடவில்லை. ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெயில் ஏறியது. கஞ்சி பானையிலேயே உறைந்தது. பாவு தெருவிலேயே காய்ந்து முறுகிக் கிடந்தது.

தறிக்காரர் மனைவி அதைத் தன் வீட்டுக் கதவு இடுக்கில் நின்று பார்த்தாள். கோடி வீட்டுக்காரியின் கண் இந்தக் கதவின் மேலும் ஒரு நிமிஷம் நின்றது. இவள் தாழ்ப்பாளைத் திறக்கவில்லை.

அடுத்த மாதம் அந்த வீடு காலி. அவர்களுடைய பெண்ணை யார் கட்டினார்கள், கட்டினார்களா என்பதுகூட யாருக்கும் தெரியாது.

"அம்மா, ரேடியோ அத்தை சத்தம் கேக்குது" என்றாள் மகள்.

நாலு குஞ்சம்தான் முடிந்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள். இருந்ததை அப்படியே விட்டிருந்தால்கூட ஒரு முகமாக இருந்திருக்கும். இப்போது நாலு ஒரு பக்கம், பதினேழு இன்னொரு பக்கம். ஒரு வாயில் இரண்டு நாக்கு மாதிரி.

"மடி. முனையை உள்ள விட்டு மடி" என்றார் தறிக்காரர்.

கதவு திறந்துகொண்டது.

"இதோ, இந்த வீடுதான். நான் பின் தெருன்னு சொல்லல சம்பந்தி, பின்னாடி இருக்கற தெருன்னு சொன்னேன். உங்களுக்குத்தான் காதுல சரியா விழல" என்று சொல்லிக்கொண்டே ரேடியோ நுழைந்தாள்.

"உங்க பின்னாடியா, என் பின்னாடியாம்மா?" என்று மூச்சு வாங்கியபடி உள்ளே வந்தார் மாப்பிள்ளையின் அப்பா. பருத்த ஆள், சிரித்த முகம். கையில் ஒரு சின்ன மரப்பெட்டி. அதில் இழை எண்ணுகிற கண்ணாடி இருந்தது. ஏழு ஊரில் துணி வழக்கு என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கண்ணாடிக்காரர் என்றால் போதும், தெரியும்.

அவருக்குப் பின்னால் அவர் மனைவி, சம்பந்தியம்மா. ஒல்லியான உடம்பு. அதிகம் பேசாதவள். வந்ததும் வீட்டைப் பார்க்கவில்லை, பெண்ணைப் பார்க்கவில்லை. நேராகத் தறி இருந்த உள்ளறைப் பக்கம் பார்த்தாள்.

"வாங்க, வாங்க. நாளைக்குன்னு நினைச்சிருந்தோம்" என்று தறிக்காரர் கும்பிட்டார். இடது கை வலது கையைத் தூக்கிச் சேர்த்துக்கொண்டது. முழுக்கைச் சட்டைக்குள் அது தெரியவில்லை.

"மழை வந்தா துணி பார்க்க வெளிச்சம் இருக்காதே சம்பந்தி. எங்க, அந்தக் கையைக் குடுங்க முதல்ல!"

கண்ணாடிக்காரர் எட்டி, தறிக்காரரின் வலது கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"இந்தக் கை நெய்ஞ்ச வேட்டியை என் பையன் கட்டப் போறான். உங்க துணியை இருபது வருஷத்துக்கு முன்னாடியே பார்த்தவன் நான். என்ன சம்பந்தி, கை இப்படிச் சில்லுன்னு இருக்கு?"

"பயம்தான்" என்றார் தறிக்காரர். பொய் சொல்லவில்லை அவர்.

கண்ணாடிக்காரர் ஹோவென்று சிரித்தார். "என் கண்ணாடிக்கா? அது கடிக்காது!"

கையை விட்டார். அது தொப்பென்று பக்கத்தில் விழுந்து தொங்கியது. சம்பந்தியம்மாவின் பார்வை அது விழுந்த இடத்திலேயே இருந்ததைத் தறிக்காரர் மனைவி கவனித்தாள். அல்லது அப்படித் தோன்றியதா?

பாயில் உட்கார்ந்தார்கள். மகள் வேட்டித் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். கண்ணாடிக்காரர் பெட்டியைத் திறந்து கண்ணாடியைத் துண்டால் துடைத்தார். வேட்டியின் மேல் மடிப்பைப் பிரித்துக் கண்ணாடியை வைத்தார். ஊசி முனையால் இழையைத் தள்ளித் தள்ளி, உதட்டை அசைத்து எண்ணினார். அறையில் யாரும் பேசவில்லை. ரேடியோகூட.

"அறுபத்திரண்டு."

அடுத்த மடிப்பு. "அறுபத்திரண்டு." அதற்கும் அடுத்தது. "இங்கேயும் அறுபத்திரண்டு. பலே! மனுஷன் நெய்ஞ்சதா, மெஷின் நெய்ஞ்சதா?"

ஒவ்வொரு மடிப்பும் பிரியப் பிரிய, முனை கிட்டே வந்தது. தறிக்காரர் மனைவிக்கு உள்ளங்கை வேர்த்தது. சேலையில் துடைத்துக்கொண்டாள். மறுபடி வேர்த்தது. இன்னும் மூன்று மடிப்பு. டீ கொண்டுவருகிற சாக்கில் எழுந்துவிடலாமா?

"ஒரு பலம், ஒரு மெல்லிசு. உங்க அடியேதான் சம்பந்தி. ஆயிரம் துணியில கலந்து வச்சாலும் எடுத்துடுவேன்."

தறிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"குஞ்சத்தையும் எண்ணிடுங்க" என்றாள் ரேடியோ. இவ்வளவு நேரம் வாயை மூடியிருந்ததே அவளுக்கு அதிகம். "எங்க தெருவுல ஒரு வீட்டுல ஒண்ணு குறைஞ்சு பெரிய கலாட்டா ஆச்சு. இவங்க வீட்டுல அதெல்லாம் ஆகாது. இவ மட்டும் தொடாம இருந்தாச் சரி!"

"ஏன், இவங்க தொட்டா என்னவாம்?" என்றார் கண்ணாடிக்காரர் எண்ணிக்கொண்டே.

"இவ பீச்சாங்கைக்காரியாச்சே! இவ கை பட்டா எல்லாம் தலைகீழ். கல்யாணமாகி வந்த புதுசுல கதவுக்குத் தாழ்ப்பாள் போடுன்னா அந்தப் பக்கமாத் திருகி உடைச்சுட்டா. கயிறு திரிச்சான்னா அவிழ்க்கத் தனியா ஆள் வைக்கணும்!"

ரேடியோ சிரித்தாள். கண்ணாடிக்காரரும் சிரித்தார். தறிக்காரர் மனைவியும் சிரிக்க வேண்டும் என்று நினைத்தாள். சிரிப்பு வரவில்லை.

சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. இருந்த இடத்திலிருந்து கையை நீட்டி, வேட்டியின் கடைசி மடிப்புக்குள் விரலை விட்டாள். குஞ்சங்களைக் கண்ணால் பார்க்கவில்லை. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து ஒவ்வொன்றாக உருட்டினாள். முதலாவது. இரண்டாவது. நாலாவது. ஐந்தாவதில் விரல் நின்றது.

சம்பந்தியம்மா விரலைத் திருப்பி நாலாவதுக்குப் போனாள். மறுபடி ஐந்தாவது. பிறகு மெதுவாக, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், எல்லாக் குஞ்சத்தையும் ஒன்றாகக் கூட்டித் தன் முழு உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

"இருபத்தொண்ணு" என்றாள்.

"கையை எடு, நானும் பார்த்துடறேன்" என்றார் கண்ணாடிக்காரர்.

"கஞ்சி இன்னும் காயல. நீங்க ஊசியை வச்சுக் குத்தினா பிரிஞ்சுடும். நான்தான் எண்ணிட்டேனே. நான் எண்ணினா நம்பிக்கையில்லையா?"

"சரி தாயே, சரி." அவர் கண்ணாடியைப் பெட்டியில் வைத்தார். "வீட்டுல கண்ணாடிக்கு மேல ஒரு கண்ணாடி இது. துணி சரி சம்பந்தி! கை சரி! சாட்சியம்மா, கேட்டுக்கிட்டீங்களா?"

"கேட்டேன், கேட்டேன்! தெருவுக்கே சொல்லிடறேன்" என்றாள் ரேடியோ. அதை யாரும் சந்தேகப்படவில்லை.

சம்பந்தியம்மா வேட்டியைத் தானே மடித்தாள். குஞ்சம் உள்ளே போகும்படி, இறுக்கமாக, நாலாக, எட்டாக. மடித்துத் தன் பைக்குள் வைத்து, பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அந்தப் பையைப் பார்க்கப் பார்க்கத் தறிக்காரர் மனைவிக்குப் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடித்தும் ஏன் சொல்லவில்லை? ஊருக்குப் போய்ச் சொல்வாளா? நாலு பேரை வைத்துக்கொண்டு துணியை விரித்துக் காட்டுவாளா? கோடி வீட்டுக்காரி கஞ்சிப் பானையோடு கண்ணுக்குள் வந்து நின்றாள்.

"டீ போடறேன்" என்று எழுந்தாள்.

"நானும் வரேன்" என்று சம்பந்தியம்மாவும் பையோடு எழுந்தாள்.

சமையலறை ஒரு ஆள் நிற்கும் அகலம்தான். தறிக்காரர் மனைவி அடுப்பில் தண்ணீர் வைத்தாள். வெளியே தூறல் ஆரம்பித்தது. முன்னறையில் கண்ணாடிக்காரர் ஏதோ சொல்ல, ரேடியோ அதைவிடச் சத்தமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சம்பந்தியம்மா கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். பிறகு அவளுடைய இடது கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தாள். நடுவில் நூல் உருட்டிய சிவப்பு இன்னும் போகவில்லை.

"குஞ்சம் முறுக்கினது நீங்க."

அவள் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"வேட்டி நெய்ஞ்சதும் நீங்கதான். அவருக்குக் கை வராது. எத்தனை மாசமா?"

"ஒன்பது" என்றாள். அதற்குமேல் தாங்கவில்லை. கண்ணீர் கொட்டியது. "சம்பந்தி, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். அவர் மேல தப்பில்ல. எல்லாம் நான் செஞ்சது. வெளியில தெரிஞ்சா எங்களுக்குப் பாவு இல்ல. நாங்க எப்படியோ போறோம். என் பொண்ணு... அந்தச் சேலையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்கறா."

"அழாதீங்க. வெளியில கேக்கும்."

"உங்க வீட்டுக்காரருக்கு..."

"அவருக்குத் தெரியாது. அவரு கண்ணாடியில பார்க்கறது இழையை மட்டும்தான்." சம்பந்தியம்மா அவள் கையை விடவில்லை. பிடி மரம் மாதிரி இருந்தது. விரல்களின் அடியில் காய்ப்பு ஏறியிருந்தது. "உங்க வேட்டியை ஊருக்குப் போறதுக்குள்ள நான் சரி பண்ணிடறேன். பதினேழுதானே? பஸ்ஸுல அவர் தூங்கிடுவார். வலது கையால முறுக்கி வச்சுடறேன். இந்த விஷயம் என் வாயிலேர்ந்து வராது."

அவள் நம்ப முடியாமல் பார்த்தாள். நெஞ்சுக்குள் ஒன்பது மாதமாக இறுகிக் கிடந்த முடிச்சு கொஞ்சம் நெகிழ்ந்த மாதிரி இருந்தது.

"நீங்க தெய்வம்..."

"அதெல்லாம் சொல்லாதீங்க." சம்பந்தியம்மாவின் குரல் இப்போதுதான் முதல் தடவையாக உடைந்தது. "எனக்கும் ஒரு வார்த்தை குடுங்க. நான் சொல்லப் போறதை நீங்களும் யார்கிட்டயும் சொல்லக் கூடாது. பொண்ணுகிட்ட, உங்க வீட்டுக்காரர்கிட்டகூட. எது கேட்டாலும் இந்தக் கல்யாணத்தை நிறுத்தக் கூடாது."

"நான் எதுக்கு நிறுத்தப் போறேன்?"

"சத்தியம் பண்ணுங்க."

"என் பொண்ணு மேல சத்தியம்."

வாயிலிருந்து வார்த்தை விழுந்த பிறகுதான் அவளுக்குள் ஏதோ சில்லிட்டது. தண்ணீர் கொதித்துப் பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரும் அணைக்கவில்லை. முன்னறையில் மகள் கலகலவென்று சிரிக்கிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளையைப் பற்றி ரேடியோ ஏதோ கேலி செய்திருக்க வேண்டும்.

சம்பந்தியம்மா அவள் காதருகே குனிந்தாள்.

"அந்தச் சேலையை நெய்ஞ்சது நான்தான் சம்பந்தி; என் பையனுக்கு இழை கண்ணுக்குத் தெரியாமப் போயி மூணு வருஷமாச்சு."